இரண்டாவது தொட்டி

செருப்பு இருக்கட்டும் சார், உள்ளேயே வாருங்கள். கழற்றச் சொல்லிவிட்டு இந்தத் தரையில் உங்களை நடக்கவிடுவது நியாயமில்லை. அந்த மூலையைப் பாருங்கள், நாலு டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சொன்னால் வீட்டுக்காரர் சரிசெய்து கொடுப்பார். நான் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்?

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் என்று மேலே இருந்து சொன்னார். அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்களாம். உங்களுக்கு வீட்டு வாடகைப்படி வரும். ஊரைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும், ஆனால் வரும். எங்கள் சம்பளத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது சார். தொகுப்பூதியம். மொத்தமாக ஒரு தொகை, அதற்குள் வீடு, வாசல், வாடகை, வயிறு எல்லாம்.

இந்தாருங்கள், தண்ணீர். அப்புறம் குடித்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

என்னைப் பற்றி அவர் என்ன சொன்னார்? கீழே டாக்டர் சார் இருக்கார் என்று சொல்லியிருப்பார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வேதியியலில் முனைவர் பட்டம், கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேர் காய்ச்சலுக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். பெருமையாகச் சொல்வதுபோல் இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்காரரைப் பற்றி நான் எதுவும் தப்பாகச் சொல்ல மாட்டேன். அது என் பழக்கமில்லை. ஆனால் வீடு பார்க்க வந்திருக்கிறீர்கள், உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்வது நல்லது. இதற்கு முன்பு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜவுளிக்கடையில் மேலாளர். இன்னொருவர் புதிதாகக் கல்யாணமானவர், மனைவியோடு வந்தார். இரண்டு பேருக்கும் ஏனோ பிடிக்கவில்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் கல்லூரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இது விளங்கும். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கல்லூரி நடக்கிறது சார். காலையில் நடப்பது அரசு உதவி பெறும் பிரிவு. அவர்களுக்கு அரசாங்கச் சம்பளம். மதியத்துக்குமேல் அதே வகுப்பறை, அதே பெஞ்சு, அதே ஆய்வகம், ஆனால் சுயநிதிப் பிரிவு. பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்திலிருந்து நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் சம்பளம். காலையில் வரும் பேராசிரியர் போடுகிற பென்சீன் வளையத்தைத்தான் மதியம் நானும் போடுகிறேன். அவருடைய வளையத்துக்கு ஒரு மூலை கூடுதலாக இல்லை. சம்பளம் மட்டும் அவருக்கு ஒன்றேகால் லட்சத்தைத் தொடுகிறது, எனக்கு இருபத்திரண்டாயிரம்.

அவர்கள்மீது எனக்குப் பொறாமை கிடையாது. படித்தார்கள், காலியிடம் வந்தது, போனார்கள். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் வேறு.

மேலே பனியன் போட்டுக்கொண்டு உங்களிடம் பேசினாரே, தவசிலிங்கம், அவர் எங்கள் ஆய்வக உதவியாளர். ஆமாம் சார், எங்கள் ஆய்வகத்தில்தான். குடுவை கழுவி வைப்பார், அமில பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், பர்னருக்கு கேஸ் வருகிறதா என்று பார்ப்பார். பத்தாம் வகுப்பு. ஆனால் வேலை எய்டட், அந்த அரசு உதவிப் பிரிவில். அகவிலைப்படி உயர்ந்தால் அவருக்கு உயரும். சம்பளக் கமிஷன் வந்தால் அவருக்கு வரும். பொங்கலுக்குப் போனஸ், திருமணக் கடன், வீடு கட்டக் கடன். என்னைவிட இரண்டரை மடங்கு வாங்குகிறார். மதியம் எங்கள் பிரிவுக்கும் அவரே பார்த்துக்கொள்கிறார், அதற்கு நிர்வாகம் தனியாக ஒரு தொகை கொடுக்கிறது. அந்தத் தொகை எங்கள் நிதியிலிருந்து போகிறது, கவனியுங்கள்.

கல்லூரியில் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். “வாங்க சார்” என்பார். என் வெள்ளைக் கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மாலையில் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தால் கேட்டைத் திறந்துகொண்டு நான் உள்ளே வருகிறேன், அது அவருடைய கேட். அவருடைய பல்புக்குக் கீழே என் வண்டியை நிறுத்துகிறேன். அவருடைய மனைவி செண்பகம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, இன்னிக்கு லேட்டு?” என்பார். கல்லூரியில் நான் சார், இங்கே தம்பி. எட்டு வருஷமாக இப்படித்தான்.

ஏன் இங்கே குடிவந்தேன் என்கிறீர்களா? பரமக்குடியிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் யாரையும் தெரியாது. அவர்தான், “சார், நம்ம வீட்டுக் கீழ்ப்பகுதி சும்மாத்தான் கிடக்குது” என்றார். சும்மா கிடக்கிறதாம். எனக்கு வாடகைக்குக் கிடைக்காத வீடு ஒருவருக்குச் சும்மா கிடக்கிறது.

சம்பளம் எங்களுக்கு ஒன்றாம் தேதி வராது. பத்துக்குமேல் எப்போதாவது வரும். வேறு வீட்டுக்காரராக இருந்தால் ஐந்தாம் தேதி கதவைத் தட்டுவார், நாமும் ஏதாவது சமாதானம் சொல்லலாம். இவர் கேட்க மாட்டார். சம்பளம் போடவில்லை என்பது அவருக்குத் தெரியும் சார், அலுவலகத்தில் எல்லோரோடும் பேசுகிறவர். கேட்காமலே இருப்பார். கேட்டிருந்தால் தேவலை என்று தோன்றும். மே மாதம் எங்களுக்குச் சம்பளமே கிடையாது, வகுப்பு இல்லை என்று பிடித்துவிடுவார்கள். அந்த மாதம் முழுக்க அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவியோடு ஊருக்குப் போய்விடுவார். ஜூனில்தான் வருவார். சம்பளத்தோடு விடுமுறை, போகலாம். நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருப்பேன்.

விலைவாசி நீங்களே பார்க்கப்போகிறீர்கள். சின்ன ஊர், செலவு கம்மி என்று மதுரைக்காரர்கள் சொல்வார்கள். பால், கேஸ், பள்ளிக்கூட வேன் எல்லாம் மதுரையில் என்ன விலையோ அதே விலைதான் இங்கேயும். சம்பளம்தான் சின்ன ஊர்ச் சம்பளம். இதில் தண்ணீர்ச் செலவு தனி. இந்த ஊர் நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கால்சியமும் மெக்னீசியமும். ஆற்றுத் தண்ணீர் நகராட்சிக் குழாயில் என்றைக்காவது வரும், அதுவும் கொஞ்ச நேரம். அதனால் குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கினோம். ஒன்று நாற்பது ரூபாய். வெயில் காலத்தில் ஒரு கேன் எங்கே நிற்கிறது?

இந்த வருஷம் மாசி கடைசியில் ஒரு நாள் கல்லூரி விட்டு வருகிறேன். மொட்டை மாடியில் பிளம்பர். பழைய தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கறுப்புத் தொட்டி. வாசலில் நகராட்சிக் குழாயிலிருந்து ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து மேலே குழாய். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வரும்போது பிடித்து ஏற்றிக்கொள்கிறார். தனக்குத் தனித் தொட்டி. கீழே இருக்கிறவன் நிலத்தடி நீரில் பருப்பை வேகவைத்துக்கொண்டிருக்கட்டும்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வார், நாமும் தலையாட்ட வேண்டும். ஆனால் அன்றிலிருந்து மாடிக்கு ஏறும் குழாயின் ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது. சுகந்தியிடம், என் மனைவியிடம், சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். போதாக்குறைக்கு அந்தச் செண்பகம் அம்மாள் தினமும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்குள் வந்து நிற்க ஆரம்பித்தார். என்ன சமையல், என்ன குழம்பு என்று பேச்சு. வீட்டுக்காரர் வீட்டை மேற்பார்வை பார்க்க ஒரு சாக்கு என்றுதான் நான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சார் நினைப்பார்கள்.

சந்தேகத்தோடு இருப்பது என் தொழிலுக்கு அழகில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தண்ணீரின் கடினத்தன்மையை அளப்பது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் செய்கிற சோதனை. குடுவையில் தண்ணீரை அளந்து எடுத்து, நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டால் ஒயின் நிறத்தில் சிவக்கும். மேலே பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எப்போது நீலமாக மாறுகிறதோ அதுதான் முடிவு. உப்பு கூடுதலாக இருந்தால் கரைசல் நிறையச் செலவாகும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய்ப் புதுத் தொட்டியைத் திறந்து ஒரு பாட்டில் பிடித்தேன். கீழே வந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில். சுகந்தி அடுப்படியில் வேலையாக இருந்தாள், ஏன் எதற்கு என்று கேட்பாள் என்று குளியலறைக் குழாயில் பிடித்துக்கொண்டேன். ஒரே வீடு, எந்தக் குழாயானால் என்ன?

மறுநாள் மதியம் ஆய்வகத்தில் உட்கார்ந்தேன். தவசிலிங்கம்தான் பியூரெட்டைக் கழுவி நிறுத்திக் கொடுத்தார். வெள்ளைக் காகிதத்தைக் குடுவைக்கு அடியில் வைத்தார், நிறம் தெளிவாகத் தெரியட்டும் என்று. “என்ன தண்ணி சார்?” என்று கேட்டார். ஒரு ஆராய்ச்சி என்றேன். நல்லா வரட்டும் சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். அவர் கையால் நிறுத்திய பியூரெட்டில் அவர் தொட்டித் தண்ணீரை நான் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்கு இருந்த உற்சாகத்தை உங்களிடம் மறைப்பானேன்? ஆராய்ச்சிப் படிப்பின்போதுகூட அப்படி இருந்ததில்லை.

மாடித் தொட்டித் தண்ணீர் ஒரு சில சொட்டிலேயே நீலமாகிவிட்டது. எங்கள் தண்ணீர் பியூரெட்டைக் காலி செய்துவிடும் போலிருந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அதேதான். தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மேலே போனேன். அவர் சட்டென்று எழுந்து நின்றார், வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. செண்பகம் அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டினேன். “அண்ணாச்சி, மேல தொட்டியில இருக்கிறது நல்ல தண்ணி, கீழ எங்களுக்கு வர்றது கடுந்தண்ணி. அளந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். வாடகை குடுக்கிறோம்தானே, இது சரியா?” என்றேன். சத்தம் போடவில்லை. தயார் செய்துகொண்டு போனதை அப்படியே சொன்னேன்.

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “சார் அளந்தா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அந்த அம்மாள்தான் தலையைத் தூக்காமல் கேட்டார். “எந்தக் குழாயில புடிச்சீங்க தம்பி?”

“குளியலறையில.”

“அது பழைய தொட்டியில்ல? புதுசு உங்க அடுப்படிக்கு மட்டுந்தான் வருது. எங்களுக்கே கிடையாது. நாந்தான் குடிக்கிறதுக்கு ஒரு குடம் உங்க வீட்டுல வந்து புடிச்சிட்டு வாரேன். சுகந்தி சொல்லலியா?”

சுகந்தி சொல்லவில்லை.

விஷயம் என்னவென்றால் சார், கேன் வாங்கிக் கட்டுபடியாகவில்லை என்று சுகந்தி இந்த அம்மாளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். இந்த அம்மாள் அவரிடம் சொல்லியிருக்கிறார். வருவது கொஞ்சம் தண்ணீர், இரண்டு வீட்டுக்குக் காணாது, சரி, பிள்ளை இருக்கிற வீட்டுக்கே போகட்டும் என்று அவர்களுக்குள் பேசி முடித்திருக்கிறார்கள். என் வீட்டில் என்ன கட்டுபடியாகிறது, என்ன ஆகவில்லை என்பது மாடியில் பேசி முடிவாகியிருக்கிறது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

“அடுத்த மாசம் காலி பண்ணிக்கிறோம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் கையில் இருந்த பூண்டு அப்படியே நின்றது. தவசிலிங்கம் மட்டும், “சார் இஷ்டம். வேற ஆள் வர்ற வரைக்கும் இருங்க” என்றார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாதிரியை எடுத்த இடத்தில் பிழை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே சொல்வேன், மாதிரி எடுப்பது தப்பானால் அதற்கப்புறம் எவ்வளவு சரியாக அளந்தும் பிரயோஜனமில்லை என்று. ஆனால் அளவில் பிழை இல்லை சார். மூன்று தடவையும் ஒரே அளவு.

கீழே வந்து சுகந்தியிடம் கேட்டேன். அடுப்படியில் கேன் நின்றுகொண்டிருந்தது. அப்படியானால் இது என்ன என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள், கேன்காரரை நிறுத்திப் பல நாளாகிறதாம். குழாயில் பிடித்துக் கேனில் ஊற்றி வைத்திருக்கிறாள். குழாய்த் தண்ணீர் என்றால் நான் குடிக்க மாட்டேனாம், அதனால். நான் அந்த நாட்களில் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம், என்ன இருந்தாலும் கேன் தண்ணீர் கேன் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மகள் நிவேதாகூடச் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண், அவளுக்கும் தெரியும். கேன் காசில்தான் அவளுடைய வேன் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

“அவர் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினாரு? நல்லவரா இருக்கிறதுதான் உங்களுக்குப் பொறுக்கலியா?” என்றாள். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள். அவள் இந்த வீட்டை விட்டு வர மாட்டாளாம். பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வருகிறது, தண்ணீர் இருக்கிறது, அக்கா இருக்கிறாள். அக்கா என்பது இந்தச் செண்பகம் அம்மாள். இப்போதும் மேலேதான் இருக்கிறாள், இரண்டு பேரும் வடகம் போடுகிறார்கள். நான் புறவழிச்சாலைப் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பதாயிரம். ஆற்றுத் தண்ணீர் கிடையாது, வேனுக்கும் கூடக் கொடுக்க வேண்டும். இருக்கட்டும். அங்கே வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், முகத்தையே பார்க்க வேண்டாம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. யாராவது இங்கே வருவது உறுதியானால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அதனால் வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸைச் சொன்னேன். குளியலறைக் கதவு மழைக்காலத்தில் சாத்தாது. படுக்கையறையில் மேற்கு வெயில். அந்த அம்மாள் தினம் குடத்தோடு வருவார், உங்கள் வீட்டம்மாவுக்குப் பிடிக்குமோ என்னவோ. மாடியில் நடந்தால் கீழே கேட்கும். அவர் விடியற்காலையிலேயே எழுந்துவிடுவார். ஆனால் செருப்பில்லாமல், பூனை மாதிரி நடப்பார். அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

வாடகை என்ன சொன்னார்?

எவ்வளவு?

பதினோராயிரமா? சரியாகக் கேட்டீர்களா சார்? ஏழு என்பது பதினொன்று என்று காதில் விழுந்திருக்காதே?

இல்லை, ஒன்றுமில்லை. தெருவில் எல்லாம் அப்படித்தான் போகிறது. பக்கத்து வீடு பன்னிரண்டு. எனக்கா? எனக்கு ஆறரை. வந்த நாளிலிருந்து ஆறரைதான். ஏற்றவே இல்லை. வீடு அவ்வளவுதான் பெறும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் மாதாமாதம் நாலரை ஆயிரத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? குடுவை கழுவுகிறவருக்கு ஒரு முனைவருக்கு விட்டுக்கொடுக்க முடிகிறது. எனக்கு யாருக்காவது, ஒரு கீரைக்காரம்மாவுக்காவது, அஞ்சு ரூபாய் விட்டுக்கொடுக்க முடிகிறதா? பேரம் பேசாமல் ஒரு கட்டு வாங்கியிருக்கிறேனா? எனக்கு வர வேண்டிய குணம்கூட அவருக்குப் போயிருக்கிறது சார். சம்பளம் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

இருங்கள், படியில் சத்தம் கேட்கிறது. அவர்தான். நீங்கள் உட்காருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

“சார், வீடு பாக்க வந்தவருக்குப் பிடிச்சிருக்காமா?”

“பிடிக்கலையாம் அண்ணாச்சி.”

ஒரு நிமிஷம் சார், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

“சரி சார். அப்ப இந்த மாசமும் நீங்களே இருங்க.”

கேட்டீர்களா அந்தக் குரலை? பதினோராயிரம் கையைவிட்டுப் போகிறது, ஒரு பெருமூச்சாவது வந்ததா? திரும்பிப் படியேறிப் போகிறார் பாருங்கள், வடகத்துக்குக் காக்கை விரட்ட. எப்படி சார் முடிகிறது இந்த மனுஷனுக்கு?

கிளம்பிவிட்டீர்களா? தண்ணீரை அப்படியே வைத்துவிட்டீர்களே. குடித்துவிட்டுப் போங்கள். எங்கள் அடுப்படிக் குழாயில் பிடித்தது. இந்தத் தெருவிலேயே இப்படித் தண்ணீர் வேறு யார் வீட்டிலும் கிடையாது.